‘தமிழ்’ என்ற மாட்யூல் இல்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுத் தருவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் தேவையான லைப்ரரியை (யாரோ எழுதி வைத்த ஆயத்தப் புரோகிராம் தொகுப்பை) ஒரே கட்டளையில் இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரே கட்டளைக்கும் வேலை தொடங்கியதற்கும் நடுவில் எனக்கு முழுசாக மூன்று நாள் போயிற்று.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர்களின் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. எங்களைப் போன்ற கடைகளில் இருபது வருடமாக அடித்து வைத்ததெல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாமினி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று திரையில் தெரிய ஜே, கே, பி, ஓ அடித்து கடைசியில் ஓர் அரைப்புள்ளி போட வேண்டும், அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலைமேல் புள்ளியாக உட்காரும். எழுத்துருவை எடுத்துவிட்டால் பக்கம் முழுக்கப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம், பழைய மலரை எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் மாற்றிப் புதுக் கட்டுரைகளையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் வந்து நின்றார்கள். முந்நூறு பக்கத்துக்கும் மேல். மறுபடி கையால் அடிப்பதா?

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். ‘ஓப்பன் தமிழ்’ என்று ஒரு பைத்தான் லைப்ரரி இலவசமாகக் கிடைக்கிறது, பாமினி உட்படப் பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லி, இருபது வரியில் ஒரு புரோகிராம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ‘பிப் இன்ஸ்டால்’ (பிப் என்பது லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவி) என்று போட்டு லைப்ரரியின் பெயரை அடிக்கச் சொன்னான். அடித்தேன். வெற்றிகரமாக இறங்கியது என்று அதுவே சொல்லியது. அப்புறம் புரோகிராமை ஓட்டினால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘தமிழ்’ என்ற பெயரில் மாட்யூல் எதுவும் இல்லை. (மாட்யூல் என்பது வேறு புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் புரோகிராம் பகுதி.) புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு தமிழே இல்லை என்று ஒரு பெட்டி சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம். நாம் இறக்குகிற பெயர் ஒன்று, புரோகிராமுக்குள் இம்போர்ட் என்று போட்டுக் கூப்பிடுகிற பெயர் வேறொன்று. இறக்கும்போது ஓப்பன் தமிழ், கூப்பிடும்போது வெறும் தமிழ். படங்களைக் கையாளும் பில்லோவை உள்ளே பிஐஎல் என்று கூப்பிட வேண்டும், ஓப்பன்சிவி-பைத்தான் உள்ளே சிவி2 ஆகிவிடும். வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஒரு பேர் என்பது போல. இது தெரியாமல் பிழைச் செய்தியில் வந்த பெயரை அப்படியே பிப்பிடம் கொடுத்து இறக்கப் பார்ப்பது ஆபத்து. பிப் இறக்கித் தருகிற அந்த இணையக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் இன்னும் எவரும் எடுக்காத பெயரில் போட்டு வைக்கலாம். 2017ல் ஸ்லோவாக்கியாவின் பாதுகாப்பு அமைப்பு, பிரபல லைப்ரரிகளின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்த 10 போலிகளை அங்கே கண்டுபிடித்தது. இறக்கினவர்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மறுபடி பிப்பை ஓட்டினேன். அதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்றது. புரோகிராமை ஓட்டினேன். இல்லை என்றது. இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் இரண்டும் மாறி மாறிச் சாதித்தன. தாலுகா ஆபீசில் ஒரு ஜன்னலில் ‘உங்கள் மனு வந்துவிட்டது’ என்பார்கள், அடுத்த ஜன்னலில் ‘அப்படி எதுவும் வரவில்லையே’ என்பார்கள் அல்லவா, அதேதான்.

பிறகு தெரிந்தது, இரண்டு ஜன்னலும் இரண்டு வேறு ஆபீஸ்! என் கம்ப்யூட்டரில் பைத்தான் ஒன்று இல்லை, இரண்டு. சில வருடம் முன்னால் மருமகன் லீவுக்கு வந்தபோது போட்டுவிட்டுப் போன 3.8 பதிப்பு ஒன்று. அதை மறந்துவிட்டு இந்த முறை நான் கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடிக்க, விண்டோஸ் தானாகவே மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து காட்ட, நானும் பட்டனை அமுக்கி இறக்கிக்கொண்ட 3.11 இன்னொன்று. பிப் லைப்ரரியைக் கொண்டுபோய் வைத்தது 3.11ன் அலமாரியில். நான் புரோகிராமை ஓட்டியது ஸ்டார்ட் மெனுவில் இருந்த ஐடில் என்ற, பைத்தானோடு வரும் மென்பொருள் வழியாக, அது பழைய 3.8ஐச் சேர்ந்தது. ஒவ்வொரு பைத்தானுக்கும் சைட்-பேக்கேஜஸ் என்று தனித்தனி அலமாரி. ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. என் கடையில் இது இரண்டோடும் நிற்கவில்லை, நான் படம் வரையும் இன்க்ஸ்கேப்பும் லிப்ரே ஆபீசும் விண்டோஸில் தத்தமக்கென்று ஒரு பைத்தானை வயிற்றுக்குள் வைத்திருக்கின்றன என்பது பிறகு தெரிய வந்தது. நல்லவேளை, அவை இந்தச் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் இதெல்லாம் அன்று ராத்திரி எனக்குத் தெரியாது. காலையில் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட, பெயர் வேண்டாம். பத்து நிமிடம் இணையத்தில் தேடிவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் எங்கோ உள்ளே போய் ‘பைத்தான்பாத்’ என்று ஒன்றை உருவாக்கி, அதில் 3.11ன் அலமாரி இருக்கும் முழ நீள விலாசத்தை ஒட்டினார். உடனே ஐடில் தமிழைக் கண்டுபிடித்துவிட்டது! நான் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சாயந்திரம் இன்னொரு பூதம் கிளம்பியது. கல்யாணப் பத்திரிகைக்கு வரும் போட்டோக்களை மொத்தமாகச் சுருக்க ஒரு குட்டிப் புரோகிராம் 3.8ல் இரண்டு வருடமாகச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அது பில்லோவை நம்பி இருப்பது. அன்று சாயந்திரம் அதை ஓட்டினால், பிஐஎல்லுக்குள் ‘இமேஜிங்’ என்ற பகுதியை எடுக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. தொடாத ஒன்று ஏன் கெட்டுப்போகிறது?

காரணம் அந்த விலாசம்தான். பைத்தான்பாத் என்பது ஏதோ ஒரு புரோகிராமுக்கு மட்டும் சொல்லும் வழி இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாப் பைத்தானும் அதைப் படிக்கும். அதுவும் தன் சொந்த அலமாரியைத் திறப்பதற்கு முன்னாலேயே படிக்கும். முந்தின நாள் பதற்றத்தில் நான் பில்லோவையும் ஒரு முறை மறுபடி இறக்கி வைத்திருந்தேன், அது 3.11ன் அலமாரியில் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது 3.8 பில்லோவைத் தேடிக்கொண்டு கிளம்ப, வழியில் முதலில் அகப்பட்டது அடுத்தவன் வீட்டுப் பில்லோ. ஓப்பன் தமிழ் முழுக்கப் பைத்தானிலேயே எழுதியது, அதனால் யார் வீட்டில் இருந்தாலும் ஓடியது. பில்லோவின் உள்பகுதி சி மொழியில் எழுதி ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனியாகத் தயாரித்துத் தருவது. 3.11க்குச் செய்த மூடி 3.8 பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ரிப்பேர்க்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இணையத்தில் இந்தப் பிழையைத் தேடினால் எத்தனையோ பேர் இதைத்தான் மருந்தாகச் சொல்கிறார்கள். மருந்து சாப்பிட்டது மறந்து போன பிறகு பக்கவிளைவு வருவதுதான் சிக்கல்.

அன்று ராத்திரி மருமகனுக்கு போன் போட்டேன். பரீட்சை நேரம், பாவம். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“மாமா, எதையும் மறுபடி இன்ஸ்டால் பண்ணாதீங்க. முதல்ல அதையே கேளுங்க.”

“எதைக் கேட்கிறது?”

“நீ யாரு, எங்க தேடுறேன்னு பைத்தானையே கேளுங்க மாமா.”

கேட்க முடிகிறது! இதைத்தான் உங்கள் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். புரோகிராமின் முதல் வரிகளாக சிஸ் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, சிஸ் டாட் எக்ஸிகியூட்டபிள் என்பதைப் பிரிண்ட் செய்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் எந்த ஃபோல்டரில் இருப்பது என்று சொல்லிவிடும். சிஸ் டாட் பாத் என்பதைப் பிரிண்ட் செய்தால் இம்போர்ட் என்று சொன்னதும் எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேடுகிறது என்று பட்டியலே தரும். இந்த இரண்டையும் ஐடிலில் ஒரு முறை, கறுப்புத் திரையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் வேறு வேறு பதில். இரண்டு நாள் புரியாதது இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

பைத்தான்பாத்தை நீக்கினோம். இனி ஐடில் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்து, 3.8க்கு ஒரு கும்பிடு போட்டுக் கழற்றி, போட்டோ வேலையையும் 3.11க்கே மாற்றினோம். பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல் பைத்தான், அப்புறம் ஹைஃபன் எம், அப்புறம் பிப் என்று சேர்த்து அடிக்கும் பழக்கத்தையும் அவன் சொல்லிக் கொடுத்தான். அப்படி அடித்தால் எந்தப் பைத்தான் புரோகிராமை ஓட்டுமோ அதே பைத்தானின் அலமாரிக்குத்தான் லைப்ரரி போகும்.

மூன்றாம் நாள் காலையில் நானே கெடுத்தேன். தமிழ் எழுத்துகள் திரையில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க இரண்டு வரியில் ஒரு சோதனைப் புரோகிராம் எழுதினேன். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் பைத்தான் 5 என்கிறது. நமக்கு மூன்றெழுத்து, அதற்கு மகரத்தின் மேல் வரும் இகரக் குறியும் ழகரத்தின் மேல் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. (இதைச் சரியாக மூன்று என்று எண்ணவும் ஓப்பன் தமிழில் வழி இருக்கிறது.) அந்தச் சோதனைக்கு என்ன பெயர் வைப்பது? தமிழ் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, டாட் பிஒய் சேர்த்து, மலர் வேலை இருந்த அதே ஃபோல்டரில் சேமித்தேன். அப்புறம் மருமகன் எழுதிய புரோகிராமை ஓட்டினேன். முந்தின ராத்திரி தங்கமாக ஓடியது, இப்போது புதுப் பாட்டு: தமிழ் என்பது ஒரு பேக்கேஜ் அல்ல. (பேக்கேஜ் என்றால் பல மாட்யூல்கள் கொண்ட ஃபோல்டர்.) நேற்று முன்தினம் தமிழே இல்லை என்றது, இன்றைக்கு இருக்கிறது ஆனால் பேக்கேஜ் இல்லை என்கிறது.

திருவிழாக் கூட்டத்தில் ‘மணி’ என்று கத்தினால் பக்கத்தில் நிற்கும் மணிதான் திரும்பிப் பார்ப்பான், நாம் தேடும் மணி ராட்டினத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பான். சிஸ் டாட் பாத் பட்டியலில் முதல் இடம் புரோகிராம் இருக்கும் அதே ஃபோல்டருக்கு. அதற்கப்புறம் பைத்தான்பாத், அதற்கப்புறம் பைத்தானோடு வந்த சொந்த லைப்ரரிகள், கடைசியில்தான் நாம் இறக்கி வைத்த அலமாரி. நான் வைத்த சோதனைக் கோப்பு முதல் வாசலிலேயே தமிழ் என்ற பெயரோடு நின்றுகொண்டிருந்தது, நிஜத் தமிழ் கடைசி அறையில். இதில் வேடிக்கை என்னவென்றால் பிழைச் செய்திக்கு மேலே தனியாக ‘5’ என்று ஓர் எண் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டே இருந்தது. என் சோதனைப் புரோகிராம் ஓடுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா! கண்ணெதிரில் இருந்தும் அரைநாள் அதைக் கவனிக்கவில்லை. தமிழ் மாட்யூலை மட்டும் தனியாக இம்போர்ட் செய்து, பெயருக்குப் பின்னால் டாட் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோட்டோடு ஃபைல் என்று எழுதிப் பிரிண்ட் செய்தால் அது எங்கிருந்து வந்தது என்ற முழு விலாசமும் வரும். வந்தது. மலர் ஃபோல்டர். கோப்பின் பெயரை ‘சோதனை’ என்று மாற்றினேன், எல்லாம் ஓடியது.

இதைவிட வேடிக்கை, பைத்தான் 3.0 வந்த 2008லிருந்தே பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். நான் மட்டும் அந்தக் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் இல்லாமல் நல்ல தமிழிலேயே தமிழ் என்று பெயர் வைத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது!

பள்ளிப் பிள்ளைகள் மாட்டுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆமை வரைந்து பார்க்க டர்ட்டில் என்று ஒரு மாட்யூல் உண்டு, பிள்ளை தன் கோப்புக்கும் டர்ட்டில் என்றே பெயர் வைக்கும். ரேண்டம் பற்றிப் பாடம் நடந்தால் கோப்பின் பெயர் ரேண்டம். ஈமெயில் என்று வைத்தால் இன்னும் கொடுமை, இணையத்தில் ஒரு பக்கத்தை எடுக்கப் போனாலே உடைந்து விழும், ஏனென்றால் அந்த வேலையைச் செய்யும் பகுதி உள்ளுக்குள் ஈமெயில் மாட்யூலைத் தேடும். மேத் என்று வைத்தால் மட்டும் விண்டோஸில் ஒன்றும் ஆகாது, அது பைத்தானுக்குள்ளேயே சேர்த்துத் தைத்தது, அதற்கு ஃபோல்டர் தேட வேண்டியதே இல்லை. இப்படி ஒரு பிள்ளைக்கு உடைந்து ஒரு பிள்ளைக்கு ஓடினால் வாத்தியார் என்ன சொல்வார்? 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பு, பல நேரங்களில் உன் கோப்பின் பெயரை மாற்றிப் பாரேன் என்று பிழைச் செய்தியிலேயே சொல்கிறது. ஆனால் பள்ளி லேபில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் எத்தனை பழைய பதிப்பு இருக்கும் என்று நமக்குத் தெரியாதா.

பக்கத்து ஃபோல்டரில் முதலில் தேடுவது சௌகரியம்தான், ஆபத்தும் அதில்தான். யாரோ ஒருவர் அந்த ஃபோல்டரில் பழக்கமான பெயரில் ஒரு கோப்பைப் போட்டுவிட்டால் நம் புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு அதை ஓட்டும். பேர்ல் என்ற மொழி இந்தக் காரணத்துக்காகவே 2017ல் தன் தேடும் பட்டியலிலிருந்து நடப்பு ஃபோல்டரை எடுத்துவிட்டது. பைத்தான் எடுக்கவில்லை, 3.11லிருந்து வேண்டுமானால் பெரிய ‘பி’ ஒன்று சேர்த்து ஓட்டினால் அந்த முதல் இடத்தை விட்டுவிடும்.

மருமகனுடைய லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, உபுண்டு, அதில் வேறு தொல்லை. அங்கே பிப் இறக்கவே மறுக்கிறது, இந்தப் பைத்தானை வேறொருவர் நிர்வகிக்கிறார், தொடாதே என்கிறது. 2023லிருந்து உபுண்டுவும் அதற்கு அடிப்படையான டெபியனும் அப்படித்தான். கணினியே தன் வேலைக்கு நம்பியிருக்கும் பைத்தானை நாம் கலைத்துவிடக் கூடாது என்பதற்காகவாம். சரியான ஏற்பாடுதான். அதை மீறவும் ஒரு சொல் இருக்கிறது, அந்தச் சொல்லே ‘சிஸ்டத்தை உடை’ என்று தொடங்குகிறது, இருந்தும் அதை ஒட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முறையான வழி வென்வ். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டரில் தனிப் பைத்தான், தனி அலமாரி. 2012லிருந்தே பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. மலர் வேலை முடிந்ததும் நானும் அதற்கு மாறிவிட்டேன், திருமணப் பத்திரிகைக்கு ஒன்று, மலருக்கு ஒன்று.

எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் இப்போது பைத்தான்தான் இருக்கிறது. சி++ புரோகிராமைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடத்தில் சிஸ், ஓஎஸ், கெட்ஆப்ட் என்று மூன்று மாட்யூல்களைப் பிள்ளைகள் இம்போர்ட் செய்கிறார்கள். அதே சிஸ்ஸுக்குள்தான் நான் சொன்ன பட்டியலும் இருக்கிறது, கூடுதலாக ஒரு வரி, அவ்வளவுதான். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குச் சிவப்பு எழுத்து ஆங்கிலத்தில் வந்ததும் பாதி உயிர் போய்விடுகிறது, தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. ஐம்பத்து நான்கு வயதில் நானே அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, நீ யார், எங்கே தேடுகிறாய், இது எங்கிருந்து வந்தது என்று பைத்தானிடம் கேட்கும் அந்த மூன்று கேள்விகளையும் நிஜக் கட்டளை வரிகளாக அச்சிடுங்கள். நான் இங்கே உச்சரிப்பை மட்டும்தான் எழுதியிருக்கிறேன், பிள்ளைகள் அடிக்க ஆங்கில எழுத்தில் வேண்டும். அடிக்கோடு இரண்டு இரண்டாக வர வேண்டும், உங்கள் பக்க வடிவமைப்பாளர் அழகுக்காக ஒன்றாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும். நானும் அதே தொழில், அதனால் சொல்கிறேன்.

மலர் அச்சுக்குப் போய்விட்டது. பாமினியில் ஸ்ரீ வரும் இடங்களை மட்டும் கையால் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது, கோயில் மலர் ஆச்சே, பக்கத்துக்குப் பத்து ஸ்ரீ.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரர்,
புதுக்கோட்டை மாவட்டம்.